இரண்டு பக்கத்துக்கான ரசீது

மாதத்தின் முதல் சனிக்கிழமை
பழைய நீதிமன்றத்தைத் திறப்பது என் முறை.
பூட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும்.
ஹீட்டர் சூடேற அரைமணி.
அதுவரை கோட்டோடு உட்கார்ந்து
இறந்தவர்களைத் தட்டச்சு செய்வேன்.

இந்த வருஷம் எனக்கு வந்தது
சுரங்க வார்டனின் வழக்குப் பதிவேடு, 1867.
வாய்க்கால் தகராறு,
நாய் கடித்த தகராறு,
மண்ணைக் கொட்டி அடுத்தவன் குழியை மூடிய தகராறு.
குன்றிமணித் தங்கத்துக்குக் கோடரி தூக்கியவர்கள்
இப்போது சத்தமில்லாமல்
அகரவரிசையில் நிற்கிறார்கள்.

பக்கம் 212இல் எங்கள் ஆள்.
சைலஸ் ட்ரெகியர், கார்ன்வாலிலிருந்து கப்பலேறியவர்,
என் அப்பாவின் தாத்தா.
எங்கள் வீட்டில் அவர் கதை மாற்றுக் குறையாதது:
இரட்டை யூகலிப்டஸ் மரம், அதன் வேரடியில்
ஏழு அவுன்ஸ் கட்டி,
மழை கழுவிக் கையில் கொடுத்ததாம்.
அதில் ஒரு துளி பெர்த்தில் இருக்கிறது,
அக்கா ராஸ்லினின் ப்ரூச்சாக.
ஊர் முகப்பில் பலகையும் உண்டு.
வாசகம் என்னுடையது.

பதிவேட்டில் மழை இல்லை.
‘சீனர் ஐவர், ஆ கீ முதலானோர்.
இரட்டை மரத்தருகே பதினோரு வாரம் தோண்டிய குழி.
உரிமச் சீட்டு காலாவதியாகி மூன்று நாள்.
மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.
குழி ட்ரெகியருக்கு.’
அடுத்த வழக்கு, ஓர் ஆடு.

இந்தப் பக்கத்தைக் கடைசியில் செய்யலாம் என்று
ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகினேன்.
அது மார்ச்.

ஜூலையில் வந்தார் லெனோர் ஆகீ,
பெண்டிகோ பஸ்ஸில், குடை சொட்டச் சொட்ட.
பல் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவராம்.
“எங்கள் பேரில் ‘ஆ’ பேரே இல்லை” என்றார்.
“அது விளி. ஏ கீ, இங்கே வா, என்பது போல.
குழிக்கு மேலே நின்று யாரோ கூப்பிட்டது
எழுத்தர் காதில் விழுந்திருக்கிறது.
அதிலிருந்து ஐந்து தலைமுறையாக
நாங்கள் அந்தக் கூப்பாடு.”

பிறகு,
“எங்கள் வீட்டிலும் ஒரு மரம் உண்டு.
இரண்டு உடம்பு கொண்டது.
சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னால்
எல்லோரும் தட்டைப் பார்ப்பார்கள்.”

இல்லை, அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
முதுகுக்குப் பின்னால் அலமாரியில்
செருகிய காகிதம்
நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.
விரல் படாமல் வரியைத் தொடர்ந்தார்.
மறுபடி முதலிலிருந்து.
அப்புறம் சட்டென்று சிரித்து,
“ஆடு யாருக்குக் கிடைத்தது?”
புரட்டினோம்.
விதவை ஒருத்திக்கு.
“நல்லது” என்றார், உண்மையாகவே.

இரண்டு பக்கம் நகல் கேட்டார்.
பக்கத்துக்கு இருபது சென்ட்.
வேண்டாம் என்றேன்.
காசை மேஜையில் தள்ளினார்.
“வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதும் வேண்டும்.”

கார்பன் தாளை நேராக்கினேன். என்ன பேரில்?
“ஆகீ என்றே எழுதுங்கள். இப்போது அதுதானே நாங்கள்.”
பேனா நகர்ந்ததும்,
“இடம் இருந்தால் பக்கத்தில் யூன்.
ஒரு கல்லறையில் என் சித்தி மகன் கண்டுபிடித்த குடும்பப் பேர்.”

இடம் இருந்தது.
அடித்தாளிலும் விழும்படி
அழுத்தி எழுதினேன்.

குடையை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகுதான்
குனிந்து பார்த்தேன்:
சட்டையில் பேர் வில்லை. ட்ரெகியர்.
வந்த நிமிஷத்திலிருந்து
அவர் கண்ணுக்கு நேரே.

பெர்த்துக்குப் போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
வைத்துவிட்டு
212ஐ அடித்து முடித்தேன்,
காற்புள்ளி விடாமல்.
ஆட்டையும்.